சோற்றைக் குறைத்தால் 800 மீட்டர் ஓட முடியுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு அம்மாக்களும் படிக்கக்கூடும்.

மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடுகிறாள். குறுவட்டத்தில் முதலிடம், அடுத்து மாவட்டப் போட்டி. காலை 5 மணிக்கு ஒரு டம்ளர் வரக்காப்பியோடு மைதானத்துக்குப் போகிறாள். ஏழரைக்கு வந்து இரண்டு இட்லி. "உடம்பு லேசானால்தான் வேகம் வரும், சோற்றைக் குறை" என்று மாஸ்டர் சொன்னதால் மதியம் டப்பாவில் ஒரு கப் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி. நான்கு மாதத்தில் 49 கிலோவிலிருந்து 46 கிலோவுக்கு வந்துவிட்டாள். வேகம் மட்டும் வரவில்லை. கடைசி 200 மீட்டரில் கால் இழுக்கிறது என்கிறாள். ஜிம்முக்குப் போகும் உங்கள் அண்ணன் மகன் 3,500 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறான். வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். பவுடருக்கான காரணங்களைப் பிறகு சொல்கிறேன். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மூன்று மாதமாகத் தலைக்கும் குளிக்கவில்லை, ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்." எனக்கு அதுதான் முதல் வரி.

ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படி இருக்கக் கூடாது. மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து நின்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் இருக்கலாம், அவற்றை அவர் பார்த்துச் சொல்வார். ஆனால் எடை இறங்கி, பயிற்சி ஏறி, சோறு குறைந்த பெண்ணிடம் இது நிற்கும்போது நான் முதலில் சந்தேகப்படுவது பற்றாக்குறையைத்தான். ஓட்டத்துக்குச் செலவானது போக மிஞ்சும் சக்தி உடம்பை நடத்தப் போதாவிட்டால், உடம்பு செலவைச் சுருக்கும். மாதச் சம்பளம் குறைந்த வீட்டில் முதலில் கேபிள் இணைப்பை நிறுத்துவோமே, அதுபோல இனப்பெருக்க வேலையைத்தான் அது முதலில் நிறுத்துகிறது. கூடவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும். அது இறங்கினால் எலும்பு உறுதி கட்டாது. வாழ்நாளுக்கும் தேவையான எலும்பின் பெரும்பகுதி சேர்வது இந்த வயதில்தான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இந்தச் சக்திப் பற்றாக்குறைக்கு ஒரு பெயரிட்டு, பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண் வீரர்களுக்கும் இது வரும் என்று அறிவித்தது. 2018-லும் 2023-லும் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள்.

நானும் 800 மீட்டர்க்காரிதான். 17 வயதில் விடுதியில் தங்கி ஓடிய காலத்தில் எனக்கு ஏழு மாதம் வரவில்லை. தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன். விடுதியில் எல்லோரும் என் மெலிவைப் பார்த்து "இப்போதுதான் ஓட்டக்காரி மாதிரி இருக்கிறாய்" என்றார்கள். எட்டாவது மாதம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் முடி போல ஒரு விரிசல். அந்த வருஷ மாநிலப் போட்டியைக் கட்டிலில் படுத்தபடி வானொலிச் செய்தியில் தேடினேன். அப்புறம்தான் உணவியல் படிக்கப் போனேன், அது வேறு கதை.

சரி, சோற்றுக்கு வருவோம். மாஸ்டரைக் குறை சொல்ல நான் வரவில்லை. விடியற்காலை 5 மணிக்குப் பிள்ளைகளுக்காக மைதானத்தில் வந்து நிற்கிற மனிதர் அவர். லேசான உடம்பு மேட்டில் ஏறுவது சுலபம் என்பதும் உண்மை. ஆனால் 15 வயதுப் பெண்ணின் எடை ஏற வேண்டிய காலத்தில் இறங்கினால், கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான்.

800 மீட்டரில் பாதிக்கு மேற்பட்ட சக்தி ஆக்சிஜனைக் கொண்டு எரிப்பதால் வருகிறது, மீதி ஆக்சிஜன் இல்லாமல் எரிப்பதால். இரண்டு அடுப்புக்கும் பொதுவான விறகு தசைக்குள் இருக்கும் கிளைக்கோஜன். சோறு, இட்லி, கேழ்வரகு, வாழைப்பழம் என்று சாப்பிடும் மாவுச்சத்துதான் அங்கே கிளைக்கோஜனாக அடுக்கப்படுகிறது. 1967-ல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு சாப்பாடு கொடுத்து, களைத்து நிற்கும்வரை சைக்கிள் மிதிக்கச் சொல்லி, தொடைத் தசையில் ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டபோது சராசரியாக 57 நிமிடம் தாங்கினார்கள். வழக்கமான சாப்பாட்டில் 114 நிமிடம். மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டில் 167 நிமிடம். உங்கள் மகளின் 800 மீட்டர் பந்தயம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்தான். ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்காக வாரத்தில் ஆறு நாள் 400, 600 என்று திரும்பத் திரும்ப ஓடுகிறாளே, அந்தப் பயிற்சிதான் விறகைத் தின்கிறது. முந்தின நாள் காலியானது நிரம்பாமலே மறுநாள் ஓடினால் கடைசி 200-ல் கால் இழுக்காமல் என்ன செய்யும்?

கணக்கும் போட்டுவிடலாம். தினமும் ஒன்றரை மணிநேரம் பயிற்சி செய்பவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 6 கிராம் மாவுச்சத்து வேண்டும். 46 கிலோவுக்கு ஏறக்குறைய 275 கிராம். வேகவைத்த சோறு ஒரு கப்பில் 40 கிராம். இரண்டு இட்லியில் 25 முதல் 30. இரண்டு சப்பாத்தியில் 35 சொச்சம். சாம்பார், பால், கொஞ்சம் பழம் எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் நீங்கள் எழுதிய சாப்பாடு 150-ஐத் தொடுவதே கஷ்டம். பாதிதான். அவள் வயதுப் பெண்ணுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்லும் அளவு நாளுக்கு 2,400 கலோரி. ஓட்டக்காரியின் பயிற்சி நாளில் அதைவிடக் குறையக் கூடாது.

பி.டி. உஷாவைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம். வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41 விநாடி, உஷாவின் நேரம் 55.42. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு தனக்குப் பழக்கமில்லாததால் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிட்டதாகவும், கடைசி 35 மீட்டரில் தெம்பு விட்டுப்போனதாகவும் அவரே பல வருஷம் கழித்துச் சொன்னார். ஒரு பந்தயம் கைநழுவியதற்கு ஒரே காரணம் என்று எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விநாடியில் நூறில் ஒரு பங்கு! கஞ்சியில் தப்பில்லை. கஞ்சி மட்டும் என்பதுதான் தப்பு.

இனி அவளுடைய நாள். காலை எழுந்ததும் காப்பி இருக்கட்டும், கூடவே வயிற்றுக்கு ஏதாவது வேண்டும். ஒரு பூவன் பழம் போதும், அல்லது இரண்டு பேரீச்சம்பழம், அல்லது பாலில் நனைத்த ரஸ்க். "காலையில் எதுவும் இறங்காது" என்று சொல்வாள். முதல் வாரம் அரைப் பழத்தில் தொடங்குங்கள், வயிறு பழகிக்கொள்ளும். வேண்டியது விடியற்காலையில் பெரிய சாப்பாடு அல்ல. இரவு முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பை அப்படியே ஓடவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து வீடு வந்து சேர முக்கால் மணிநேரம் ஆகுமென்றால், பையில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு பழமும் போட்டு அனுப்புங்கள். வீட்டில் இரண்டு இட்லி நான்காகட்டும், சட்னியோடு நிற்காமல் சாம்பாரும் இருக்கட்டும். இல்லையென்றால் பழைய சோறு. பழைய சோற்றைக் கேலி செய்யும் காலம் ஒன்று இருந்தது, இப்போது நட்சத்திர ஓட்டலில் மண்சட்டியில் விற்கிறார்கள். வியர்த்து வந்த பிள்ளைக்கு ஒரே சட்டியில் மாவுச்சத்து, நீர், உப்பு மூன்றும் கிடைக்கும் சாப்பாடு அது. புரதம்தான் அதில் குறைவு. கெட்டித் தயிர் ஊற்றி, பக்கத்தில் ஒரு முட்டைப் பொரியலோ கருவாடோ வைத்தால் அந்தக் குறையும் தீர்ந்தது.

மதியம் சோறு இரண்டு கப், பருப்போ மீனோ கட்டாயம். அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். சத்துணவில் பத்தாம் வகுப்புவரை பள்ளி நாள்தோறும் முட்டை உண்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வெட்கப்பட்டு அதை விட்டுவிடுவதை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். மாவட்டப் போட்டிக்குப் போகிறவள் வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாலைப் பயிற்சிக்கு ஒரு மணிநேரம் முன்னால் பொரி உருண்டையோ வெல்லம் போட்ட அவலோ. இரவு சப்பாத்தியே பிடிக்குமென்றால் நான்காக்கி, கொண்டைக்கடலைக் குருமா வையுங்கள். சப்பாத்தி சோற்றைவிட இளைக்க வைக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. இரண்டும் மாவுச்சத்துதான்.

இப்போது பவுடர். வளரும் ஓட்டக்காரிக்குக் கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதம் என்று வைத்தால் நாளுக்கு 70 கிராம். இரண்டு முட்டையில் 12, இரண்டு டம்ளர் பாலில் 13, ஒரு கப் சுண்டலில் 12, பருப்பும் தயிருமாக 14, சோறு இட்லியிலிருந்தே 20. எழுபது வந்துவிட்டது, இத்தனைக்கும் கோழியையோ மத்தி மீனையோ நான் கணக்கில் சேர்க்கவில்லை. 3,500 ரூபாய்க்கு முட்டை 7 ரூபாய் என்றாலும் 500 முட்டை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு டப்பாவில் புரதம் தேடுவானேன்? தவிர, சாப்பாடே போதாத உடம்புக்குள் பவுடரைப் போட்டால் அந்தப் புரதத்தின் ஒரு பகுதியையும் அது விறகாக எரித்துவிடும். தேக்கை அடுப்பில் வைப்பது போல.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சில பவுடர்களில் லேபிளில் சொல்லாத பொருள்கள் கலந்திருக்கும். ஊக்கமருந்து விதியில் "எனக்குத் தெரியாது" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. உடம்பில் இருந்தால் அதற்கு வீரரே பொறுப்பு. 2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. அதிக அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் நம் விகிதம்தான் மோசம். மாநிலம், தேசியம் என்று போகப்போகிற பெண். யாரோ கொடுத்த டப்பாவையும், யாரோ போட்ட "சத்து ஊசி"யையும் கிட்டே விடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போதே ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் எழுதித் தருவதில்லை, நீங்களாகக் கேட்க வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் இரும்புக் கையிருப்பு வற்றிப்போய்க் களைத்துக் கிடக்கும் ஓட்டக்காரிகள் நிறைய. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓடும் பெண்ணுக்கு வியர்வையிலும், பாதம் தரையில் அறைவதால் உடையும் சிவப்பணுக்களிலும் இன்னும் கொஞ்சம் போகிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையை அவள் உண்மையிலேயே விழுங்குகிறாளா, ஜன்னலுக்கு வெளியே போகிறதா என்று விசாரியுங்கள். சாப்பாட்டில் ஈரலும் ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) இதற்குக் கைகண்டவை. உங்கள் மாமியாருக்கு அதைச் சமைக்கத் தெரிந்திருக்கும். கீரையிலும் கம்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு குறைவாகத்தான் எடுத்துக்கொள்கிறது, எலுமிச்சை பிழிந்தாலோ கூட ஒரு கொய்யா, நெல்லிக்காய் கடித்தாலோ அது கூடும். டீயும் காப்பியும் சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்பைத் தடுக்கும், ஒரு மணிநேரம் தள்ளி வையுங்கள். டாக்டர் மாத்திரை எழுதினால் காலையில் கொடுப்பது நல்லது. ஏனென்றால் ஓடி முடித்து மூன்று முதல் ஆறு மணிநேரத்தில் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும் ஒரு ஹார்மோன் உடம்பில் ஏறும். பரிசோதிக்காமல் நீங்களாகக் கூடுதல் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம், அது அதிகமானாலும் கேடு.

தண்ணீர் விஷயத்தில் "ஓடும்போது குடித்தால் வயிற்றைப் பிடிக்கும்" என்பது மடமடவென்று ஒரு பாட்டிலைக் காலி செய்பவர்களுக்குத்தான் பொருந்தும். இரண்டு வாய், கால் மணிநேரத்துக்கு ஒருமுறை, ஒன்றும் செய்யாது. எவ்வளவு தேவை என்று அறிய ஒரு நாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. 46 கிலோ பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்பதே இரண்டு சதவீதம். அந்த அளவுக்கு வற்றினால் வெயிலில் ஓட்டம் தடுமாறத் தொடங்கும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறாள், அதுவும் வேண்டாம்.

ஒரு மணிநேரப் பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும். சித்திரை வெயிலில் ஒன்றரை மணிநேரம் தாண்டினால் உப்புப் போட்ட நீர்மோர். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். எனவே ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். மைதானத்தில் குளூக்கோஸ் பவுடரை உள்ளங்கையில் கொட்டி நக்குவது நம் ஊர்ப் பழக்கம். தண்ணீர் இல்லாமல் அப்படி அள்ளிப் போட்டால் வயிறு கனத்து நிற்கும், சிலருக்குக் குமட்டும். கலக்கிக் குடிப்பதென்றால் லேசாகக் கலக்குங்கள். அட்டை டப்பாவில் ஓஆர்எஸ் என்ற பெயரில் விற்ற இனிப்பு பானங்களை நம்பிப் பலர் ஏமாந்தார்கள். அந்தப் பெயரை அப்படிப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடைப் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் முழுதாகக் கரைப்பதுதான் உண்மையான ஓஆர்எஸ். எனர்ஜி டிரிங்க் எதுவும் இந்த வயதுக்கு வேண்டாம்.

கடைசியாகப் போட்டி நாள். பள்ளிப் போட்டிகளின் கதை உங்களுக்கே தெரியும். 9 மணிக்கு ஹீட்ஸ் (தகுதிச் சுற்று) என்பார்கள், சிறப்பு விருந்தினர் வந்து கொடியேற்றிப் பேசி முடிக்க 11 ஆகும். அதனால் கடிகாரத்தை நம்பிச் சாப்பாடு கட்டாதீர்கள், துண்டு துண்டாகக் கட்டுங்கள். பந்தயத்துக்கு மூன்று மணிநேரம் முன்னால் இட்லியும் சர்க்கரையும், இல்லையென்றால் எண்ணெய் அதிகமில்லாத பொடி இட்லி. அன்று காலை சுண்டல், கீரை, பூரி எதுவும் கூடாது. தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் மணிக்கொரு பாதிப் பழம், நான்கு மேரி பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர். ஹீட்ஸுக்கும் ஃபைனலுக்கும் நடுவில் மூன்று மணிநேரம் இருந்தால் சின்ன டப்பா தயிர்சாதம், ஒரு மணிநேரம்தான் என்றால் பேரீச்சம்பழமும் இரண்டு மடக்கு எலுமிச்சைச் சாறும். அங்கே கொடுக்கும் பிரியாணிப் பொட்டலத்தை ஃபைனல் முடிந்த பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். புதிதாக எதையும் அன்று சோதிக்க வேண்டாம், யார் கொடுத்தாலும்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் பையில் இருக்கட்டும். கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிக்கும் என்பதால் ஓடுவதற்கு முன் அல்ல, ஓடி முடித்தவுடன். திரும்பும் பஸ் இரவு 9 மணிக்குப் பரோட்டாக் கடையில்தான் நிற்கும், அதுவரை அவளை வெறும் வயிற்றோடு உட்கார வைக்காதீர்கள். பஸ் நின்றதும் பரோட்டாவும் சாப்பிடட்டும், பதக்கம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.